மெய்நிகர் ஓட்டச் சவால்: நியாயமாகவும் மகிழ்ச்சியாகவும் வடிவமைப்பது எப்படி?

ஓட்டக் குழுக்களின் அமைப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்குமான வழிகாட்டுதல்

மெய்நிகர் ஓட்டச் சவால் என்றால் என்ன?

பங்கேற்பாளர்கள் ஒரே இடத்தில் கூடாமல், அவரவர் ஊரில், அவரவருக்கு இயன்ற நேரத்தில் ஓடி, அந்த விவரத்தைப் பொதுவான ஒரு பதிவேட்டில் சேர்க்கும் முறையே மெய்நிகர் ஓட்டச் சவால் ஆகும். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் இம்முறை பரவலாயிற்று. இந்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம், 2020 ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 2 வரை நடத்திய சுதந்திர ஓட்டத்தில், எவரும் தமக்குப் பிடித்த பாதையில், தமக்கேற்ற வேகத்தில் ஓடலாம் அல்லது நடக்கலாம் என்பதே அடிப்படையாக இருந்தது. தமிழ்நாட்டில் கலைஞர் நினைவு மாரத்தான் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மெய்நிகர் முறையில் நடத்தப்பட்டு, 2022-இல் சென்னையில் நேரடி ஓட்டமாக நடைபெற்றது. 2020 அக்டோபர் 4 அன்று நடந்த இலண்டன் மாரத்தானில், பொதுமக்கள் தத்தம் ஊர்களிலேயே 42.195 கி.மீ. தொலைவைக் கடந்தனர். அதற்கு அந்த நாளின் 24 மணி நேரமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

பெருந்தொற்று தணிந்த பின்னும் இம்முறைக்குத் தேவை குறையவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள சந்தவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு ஓர் ஓட்டக் குழு அமைந்தால், அதன் உறுப்பினர்களில் சிலர் ஊரின் சமதரைச் சாலையிலும், சிலர் படவேடு பகுதியின் வயல்வழிப் பாதைகளிலும், சிலர் மலைமேல் உள்ள சிற்றூர்களிலும் ஓடுவர். வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றவர்களும் குழுவில் தொடர விரும்பக்கூடும். இவர்கள் அனைவரும் வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடுவது எளிதன்று. மெய்நிகர் சவால் இவர்களை ஒன்றிணைக்கும்.

ஆயினும், நேரடிப் போட்டியில் தானாகவே அமைந்துவிடும் ஒன்று இதில் இல்லை. நேரடிப் போட்டியில் பாதை, வானிலை, கடிகாரம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொது. மெய்நிகர் சவாலில் இம்மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே, இங்கு நியாயம் என்பதை விதிகளின் வாயிலாக நீங்களே உருவாக்க வேண்டும்.

மொத்தக் கிலோமீட்டர் ஏன் நல்ல அளவுகோல் அன்று?

பெரும்பாலான குழுக்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் விதி, "இம்மாதம் அதிகத் தொலைவு ஓடியவர் வெற்றியாளர்" என்பதாகும். இது எளிமையாகத் தோன்றினாலும் மூன்று குறைகளை உடையது.

- நேரம் மிகுதியாக உள்ளவருக்கே வெற்றி கிட்டும். அதிகாலையில் பால் கறந்து, சமையல் முடித்து, அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்க இயலும் பெண்மணி, எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் பட்டியலின் அடியிலேயே இருப்பார்.
- புதியவர்கள் விரைவில் விலகுவர். முதல் வாரத்திலேயே எட்ட இயலாத இடைவெளி தோன்றினால், தொடர்ந்து ஓடுவதற்கான ஊக்கம் குறையும்.
- காயங்கள் பெருகும். உடல் பழகாத அளவுக்கு ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டுவது முன்னங்கால் எலும்பு வலி, குதிகால் வலி, எலும்பில் நுண்விரிசல் போன்றவற்றுக்கு முக்கியக் காரணமாகும். அடுத்தவரை முந்துவதற்காக ஓய்வு நாளிலும் ஓடத் தூண்டும் விதி, உடல்நலத்துக்கு எதிரான விதியாகும்.

எனவே, நல்ல சவாலின் அடிப்படைக் கொள்கையை இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்: ஒவ்வொருவரும் முதலில் தம்மோடு ஒப்பிடப்பட வேண்டும், ஒழுங்கான, பாதுகாப்பான பயிற்சிக்கே மதிப்பெண் கிடைக்க வேண்டும்.

ஏற்றம், இறக்கம்: மலைப்பாதையும் சமதரையும்

ஜவ்வாது மலைத்தொடரின் மேற்பகுதியில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய மலைப்பகுதியில் வாழும் உறுப்பினர் வீட்டை விட்டு இறங்கியதுமே ஏற்றமோ இறக்கமோ தொடங்கிவிடும். அவர் ஓடும் 5 கி.மீ.-யும் சமதரையில் ஓடும் 5 கி.மீ.-யும் ஒன்றாகா.

ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் ஓடுவதற்கு உடல் செலவிடும் ஆற்றலை இத்தாலிய உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் அவருடைய குழுவினரும் அளந்து 2002-இல் வெளியிட்டனர். அவர்கள் தந்த சமன்பாட்டின்படி:

- 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் பாதையில், சமதரையைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகும்.
- 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் பாதையில், ஏறத்தாழ 65 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகும்.
- அதே 10 மீட்டர் சரிவில் இறங்கும்போது, சமதரையைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகும்.

ஏறும்போது கூடுதலாகச் செலவாகும் ஆற்றல் முழுவதும் இறங்கும்போது மிச்சமாவதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். அத்தகைய 10 மீட்டர் சரிவில் ஏறி, அதே வழியில் இறங்குபவர், அதே தொலைவைச் சமதரையில் ஓடுபவரைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறார். மேலும், இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால், மறுநாள் தசைவலி மிகுதியாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மலையின் மேலிருந்து கீழே இறங்கி முடியும் பாதையைத் தேர்ந்தெடுப்பவர் எளிதில் நல்ல நேரத்தைப் பதிவு செய்துவிடலாம். இதனால்தான் சாலை ஓட்டங்களின் உலகச் சாதனைகளுக்கு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாதை கிலோமீட்டருக்குச் சராசரியாக 1 மீட்டருக்கு மேல் தாழக் கூடாது என்றும், இவ்விரு இடங்களுக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஓட்டத் தொலைவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் பன்னாட்டுத் தடகள விதி கூறுகிறது. 2011-இல் பாஸ்டன் மாரத்தானில் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தார். அன்றைய உலகச் சாதனையைவிட அது விரைவான நேரமாக இருந்தும், அப்பாதை இவ்விதிக்கு உட்படாததால் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை.

உங்கள் குழுவுக்கான எளிய விதிகள்:

- நேரம் கணக்கிடப்படும் எந்த ஓட்டமும் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும்.
- மலைப்பாதையில் ஓடுபவரையும் சமதரையில் ஓடுபவரையும் வேகத்தால் ஒப்பிடக் கூடாது.
- தொலைவுக்குப் பதிலாக, ஓடிய நிமிடங்களையே கணக்கில் கொள்ள வேண்டும். முப்பது நிமிட உழைப்பு மலையிலும் முப்பது நிமிடமே. சமதரையிலும் முப்பது நிமிடமே.

கருவிகளின் பிழை

கைப்பேசியும் கைக்கடிகாரமும் செயற்கைக்கோள் குறிகைகளைக் கொண்டு தொலைவைக் கணிக்கின்றன. அடர்ந்த மரங்களுக்கிடையிலும் பாறைச் சரிவுகளுக்கு அருகிலும் இக்குறிகைகள் தடைபடும் அல்லது எதிரொலித்து வந்து சேரும். கொண்டை ஊசி வளைவுகளில், கருவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மட்டும் இடத்தைக் குறித்து, அப்புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால், வளைவின் நீளம் குறைவாகக் காட்டப்படும். ஒரே பாதையில் சேர்ந்து ஓடிய இருவரின் கருவிகள் வெவ்வேறு தொலைவைக் காட்டுவது இயல்பே. விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவருக்கு இதனால் முன்னுரிமை கிடைத்துவிடக் கூடாது.

- நிமிடங்களை அளக்கச் சாதாரணக் கடிகாரமே போதும். கருவி இல்லாதவரும் பங்கேற்க இயலும்.
- தொலைவு கட்டாயம் தேவைப்படும் இடத்தில், பள்ளி விளையாட்டுத் திடலின் ஓடுதளம் போன்ற அளந்த பாதையைப் பயன்படுத்துங்கள்.
- இடையில் நின்ற நேரத்தைக் கழிப்பதா, சேர்ப்பதா என்பதை முன்னரே அறிவியுங்கள். தொடங்கியதிலிருந்து முடித்தது வரையிலான முழு நேரத்தையும் கொள்வதே குழப்பமற்றது.
- கைப்பேசிக் கோபுர இணைப்பு இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழி இடமறிதல் இயங்கும். பதிவேற்றத்துக்கு மட்டுமே இணையம் தேவை. எனவே, வாரக் கணக்கை அனுப்ப வாரம் முடிந்த பின் 48 மணி நேரம் அவகாசம் கொடுங்கள். குறிப்பேட்டில் எழுதி, உடன் ஓடியவரிடம் கையொப்பம் பெற்று அளிப்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வயதும் பாலினமும்

வேகத்தை ஒப்பிட்டே ஆகவேண்டும் என்று உறுப்பினர்கள் விரும்பினால், வயதுசார் தரமதிப்பீட்டைப் பயன்படுத்தலாம். மூத்தோர் தடகளத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள முறை இது. ஒவ்வொரு வயதுக்கும் பாலினத்துக்கும், உலகின் மிகச் சிறந்த ஓட்டங்களைக் கொண்டு ஒரு தரநேரம் வகுக்கப்பட்டிருக்கும். அந்தத் தரநேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் உங்கள் தரவிழுக்காடு கிடைக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஓர் இளைஞருக்குரிய தரநேரம் 15 நிமிடம் என்றும், அவர் 25 நிமிடத்தில் ஓடினார் என்றும் கொள்வோம். அவருடைய தரவிழுக்காடு 60. ஒரு மூத்த பெண்மணிக்குரிய தரநேரம் 20 நிமிடம் என்றும், அவர் 32 நிமிடத்தில் ஓடினார் என்றும் கொண்டால், அவருடைய தரவிழுக்காடு 62.5. கடிகாரத்தில் ஏழு நிமிடம் பின்தங்கியவர் தரத்தில் முந்துகிறார். ஆனால் இம்முறை வயதையும் பாலினத்தையும் மட்டுமே சமன்செய்யும். ஏற்றத்தையும் வெயிலையும் சமன்செய்யாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆறு வாரச் சவால்: மாதிரி மதிப்பெண் முறை

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் தீவிர உடலுழைப்பிலோ ஈடுபட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. இதனை அடிப்படையாகக் கொண்ட மாதிரி மதிப்பெண் முறை பின்வருமாறு. ஒரு வாரத்துக்கு உச்ச அளவு 30 மதிப்பெண்கள்.

- ஓடிய நிமிடங்கள்: ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் 1 மதிப்பெண். வாரத்துக்கு 15 மதிப்பெண் வரை மட்டுமே. ஓட்டத்தின் இடையே நடந்த நேரமும் சேரும்.
- ஓடிய நாட்கள்: ஒரு நாளுக்கு 2 மதிப்பெண். நான்கு நாட்கள் வரை, அதாவது 8 மதிப்பெண் வரை.
- ஓய்வு: வாரத்தில் இரண்டு நாட்களேனும் ஓடாமல் ஓய்வெடுத்தால் 3 மதிப்பெண்.
- தசைப் பயிற்சி: தோப்புக்கரணம், தண்டால், படியேறுதல் போன்றவற்றுக்கு நாளொன்றுக்கு 2 மதிப்பெண். இரண்டு நாட்கள் வரை, அதாவது 4 மதிப்பெண் வரை.

இம்முறை எவ்வாறு செயல்படும் என்று பாருங்கள். ஒருவர் ஏழு நாளும் ஓடி 360 நிமிடங்களைப் பதிவு செய்கிறார். அவருக்கு நிமிடங்களுக்கு 15, நாட்களுக்கு 8 என 23 மதிப்பெண்கள் கிடைக்கும். ஓய்வுக்கும் தசைப் பயிற்சிக்கும் எதுவும் இல்லை. மற்றொருவர் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 35 நிமிடம் ஓடி, இரண்டு நாள் தசைப் பயிற்சி செய்து, இரண்டு நாள் ஓய்வெடுக்கிறார். அவருக்கு 14, 8, 3, 4 என 29 மதிப்பெண்கள். கூடுதலாக ஓடுவதை இவ்விதி தடை செய்யவில்லை. அதற்குப் பரிசு தருவதில்லை, அவ்வளவே.

ஆறு வாரங்களில் சிறந்த ஐந்து வாரங்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். காய்ச்சல், மாதவிடாய் வலி, குடும்ப நிகழ்ச்சி, அறுவடை என எக்காரணத்தாலும் ஒரு வாரம் தவறினால் எவரும் பின்தங்க மாட்டார்கள். காய்ச்சலோடு ஓடும் ஆபத்தான பழக்கமும் தவிர்க்கப்படும்.

கணிப்பு ஓட்டம்

மகிழ்ச்சிக்காகச் சேர்க்கத்தக்க சிறந்த விளையாட்டு, கணிப்பு ஓட்டம் ஆகும். பங்கேற்பாளர் தமக்குப் பழக்கமான ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, அதை எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பார் என்பதை முன்கூட்டியே குழுவில் அறிவிப்பார். பின்னர் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடுவார். வீட்டில் உள்ள ஒருவரோ உடன் ஓடுபவரோ நேரத்தைக் குறிப்பார். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு யாருக்கு மிகக் குறைவோ, அவரே வெற்றியாளர்.

ஒருவர் 30 நிமிடம் என்று கணித்து, 30 நிமிடம் 45 விநாடியில் முடித்தால், வேறுபாடு 45 விநாடி; அதாவது 2.5 விழுக்காடு. மற்றொருவர் 50 நிமிடம் என்று கணித்து, 50 நிமிடம் 30 விநாடியில் முடித்தால், வேறுபாடு 1 விழுக்காடு, அவரே முந்துகிறார்.

இவ்விளையாட்டில் வேகத்துக்கு மதிப்பு இல்லை. மலையோ சமதரையோ, இளைஞரோ மூத்தவரோ, எவரும் வெல்லலாம். தம் உடலின் வேகத்தையும் மூச்சையும் உணர்ந்து ஓடும் பழக்கம் வளர்வது இதன் கூடுதல் பயன். இரண்டாம் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் இதை நடத்தலாம். வேறுபாடு 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் 10, 3 விழுக்காட்டுக்குள் 7, 5 விழுக்காட்டுக்குள் 5, அதற்கு மேல் 3 என மதிப்பெண் வழங்கலாம். இதையும் சேர்த்தால் சவாலின் மொத்த உச்ச மதிப்பெண் 170 ஆகும்.

அணியும் கற்பனைப் பயணமும்

ஐவர் கொண்ட அணிகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் அணியிலும் புதியவர் ஒருவர், 50 வயதைக் கடந்தவர் ஒருவர், மலைப்பாதையில் ஓடுபவர் ஒருவர் இடம்பெறுமாறு குலுக்கல் முறையில் அமைப்பது நல்லது. விரைவாக ஓடும் நண்பர்கள் ஒரே அணியில் சேர்ந்துகொள்ள இடமளிக்காதீர்கள். வாரந்தோறும் அணியில் அதிக மதிப்பெண் பெற்ற நால்வரின் கூட்டுத்தொகையே அணியின் மதிப்பெண். உடல்நலமில்லாத ஒருவர் அணிக்குச் சுமையாகிவிட்டோமே என்று வருந்த இதனால் இடமில்லை.

அணியின் நிமிடங்களை ஒரு கற்பனைப் பயணமாக மாற்றினால் ஆர்வம் கூடும். 10 நிமிடத்தை 1 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது, ஆகவே 140 நிமிடம் ஒரு சுற்றாகும். வாரம் 150 நிமிடம் ஓடும் ஒருவர் ஒரு சுற்றை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார். ஐவரும் ஆறு வாரங்கள் அவ்வாறு ஓடினால் 4,500 நிமிடங்கள், அதாவது 450 கி.மீ. சேரும். இது சென்னையிலிருந்து மதுரை வரையிலான சாலைத் தொலைவுக்கு ஏறத்தாழ இணையாகும். வாரந்தோறும் அணி எந்த ஊரை எட்டியது என்று வரைபடத்தில் குறித்து, அவ்வூரைப் பற்றிய ஒரு செய்தியை உறுப்பினர் ஒருவர் பகிரலாம்.

எந்தக் காலத்தில் நடத்தலாம்?

- சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்க்க வேண்டும். கோடை வெப்பத்தில் நடத்தப்படும் எச்சவாலும் ஆபத்தானது.
- வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி, மின்னல், ஓடைகளில் திடீர் வெள்ளம் ஆகியவை இடையூறாகும்.
- பொங்கலுக்குப் பின் தொடங்கி மாசி மாதத்துக்குள் முடியுமாறு அமைப்பது பெரும்பாலான பகுதிகளுக்கு ஏற்றது.
- உள்ளூர்த் திருவிழாக்களைக் கருத்தில் கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் சாலைகளில் கூட்டமும் வாகனங்களும் மிகுதியாக இருக்கும்.
- எந்த மாதமாயினும் அதிகாலையிலோ மாலையிலோ மட்டும் ஓட வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே, குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவர்கள் முதல் இரு வாரங்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவுக்கு முன் கேட்க வேண்டிய உடல்நலக் கேள்விகள்

நேரடிப் போட்டியில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்சும் அருகில் இருக்கும். மெய்நிகர் சவாலில் ஓடுபவர் பெரும்பாலும் தனியாகவே இருப்பார். ஆகவே, ஒவ்வொருவரும் பின்வரும் கேள்விகளுக்கு விடையளித்த பின்னரே பதிவு செய்ய வேண்டும்.

- உடலுழைப்பின்போது நெஞ்சுவலி, நெஞ்சில் இறுக்கம், மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு ஏற்பட்டதுண்டா?
- இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, சிறுநீரக நோய், வலிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளதா?
- குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்ததுண்டா?
- கருவுற்றிருக்கிறீர்களா? அண்மையில் மகப்பேறோ அறுவை சிகிச்சையோ நடந்ததா?
- நடக்கும்போதே வலிக்கும் மூட்டு அல்லது எலும்புப் பிரச்சினை உள்ளதா?

ஒரு கேள்விக்கேனும் "ஆம்" என்ற விடை வந்தால், மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின் தொடங்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். விடைகள் பங்கேற்பாளரிடமே இருக்கட்டும். அவற்றைக் குழுவில் பகிர வேண்டியதில்லை. இதுவரை ஓடியிராதவர்கள் நடையும் மெல்லோட்டமும் கலந்து தொடங்குவது நல்லது.

ஓடும்போது பின்பற்ற வேண்டியவை

- செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.
- நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனங்கள் தெரியுமாறு வலப்புறமாக ஓடுங்கள். இருளில் வெளிர்நிற உடையும் கைவிளக்கும் தேவை. காதொலிக் கருவியைத் தவிருங்கள்.
- வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் செல்லும் பாதைகளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.
- தாகத்துக்கேற்ப நீர் அருந்துங்கள். தேவைக்கு மீறி நீர் அருந்துவது இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்துத் தீங்கு விளைவிக்கும்.
- வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடக் கூடாது. அது வலியை மறைப்பதோடு, உடலில் நீர் குறைந்த நிலையில் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.
- நாய் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்பால் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: நெஞ்சுவலி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு, குழப்பமான பேச்சு, தள்ளாட்டம். வெயிலில் ஓடியவர் உடல் கொதித்து, நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதமாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை அவரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவிழந்தவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

நேர்மையும் பரிசும்

மெய்நிகர் சவாலில் ஒருவர் மிதிவண்டியில் சென்றதை ஓட்டமாகப் பதிவு செய்யவும் கூடும். ஒவ்வொரு பதிவையும் ஐயத்தோடு ஆராய்வது குழுவின் மகிழ்ச்சியைக் கெடுக்கும். ஏமாற்றுவதால் பெரிய பயன் எதுவும் கிடைக்காதவாறு விதியை அமைப்பதே சிறந்த வழி. நிமிடங்களுக்கு உச்ச வரம்பு இருப்பதும், கணிப்பு ஓட்டத்தில் வேகத்துக்கு மதிப்பு இல்லாததும் இதற்கு உதவும். பெரும் பரிசை முதலிடத்துக்கு மட்டும் வைக்காமல், நான்கு வாரங்களேனும் 20 மதிப்பெண்ணைக் கடந்த அனைவரின் பெயர்களையும் குலுக்கலில் சேர்த்துப் பரிசு வழங்கலாம். ஐயம் எழுந்தால், இருவர் கொண்ட சிறு குழு அந்த உறுப்பினரிடம் தனியாகப் பேசி முடிவு செய்யட்டும். பொதுவில் குற்றஞ்சாட்டுதல் கூடாது.

தனியுரிமை

ஓட்டச் செயலிகளின் வரைபடம், ஒருவர் எங்கே வசிக்கிறார், எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்பதை வெளிப்படுத்தும். 2018 சனவரியில், ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த பயன்பாட்டு வரைபடத்தின் வழியே சில நாடுகளின் இராணுவத் தளங்களின் இருப்பிடமே தெரியவந்தது. தனியாக ஓடும் பெண்களுக்கு இது பாதுகாப்பு தொடர்பான கேள்வியாகும்.

- வரைபடத்தைக் கேட்காதீர்கள். நிமிடமும் நாளும் போதும்.
- செயலியைப் பயன்படுத்துவோர், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியை இயக்கட்டும்.
- உடல் எடை, நோய் விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் சேர்க்காதீர்கள்.
- 18 வயதுக்குட்பட்டோரைப் பெற்றோரின் ஒப்புதலோடு மட்டுமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரைவாக ஓடுபவர்களுக்கு இச்சவால் சலிப்பூட்டாதா?
அவர்களுக்கெனத் தனிப் பட்டியல் வைக்கலாம். அளந்த ஓடுதளத்தில், ஒரே வார இறுதியின் காலை நேரத்தில் ஓடி, வயதுசார் தரவிழுக்காட்டால் ஒப்பிடலாம். முதன்மைச் சவாலின் மதிப்பெண்ணோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

முதல் வாரத்தை விட எவ்வளவு முன்னேறினார் என்பதற்கு மதிப்பெண் தரலாமா?
தரலாம், ஆனால் கவனம் தேவை. புதியவர்கள் விரைவில் முன்னேறுவர். பல ஆண்டுகள் ஓடியவர்களுக்குச் சிறு முன்னேற்றமும் கடினம். முதல் ஓட்டத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓடவும் சிலருக்குத் தோன்றும். முன்னேற்ற மதிப்பெண்ணுக்கும் உச்ச வரம்பு வைப்பது நல்லது.

நடப்பவர்கள் சேரலாமா?
சேரலாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. விரைவாக நடந்த நிமிடங்களையும் இதே முறையில் கணக்கிடலாம்.

தொடங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

- விதிகள் ஒரே பக்கத்தில், எளிய தமிழில் உள்ளனவா?
- கைக்கடிகாரமோ இணையமோ இல்லாதவரும் முழு மதிப்பெண் பெற இயலுமா?
- மலைமேல் வாழ்பவரும் சமதரையில் வாழ்பவரும் சமவாய்ப்போடு வெல்ல இயலுமா?
- ஓய்வெடுப்பவருக்கும் நோயுற்றவருக்கும் இழப்பு நேராதவாறு விதி உள்ளதா?
- உடல்நலக் கேள்விகளும் அவசர எண்களும் அனைவரையும் சென்றடைந்தனவா?

இவ்வைந்துக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்தால் உங்கள் சவாலைத் தொடங்கலாம். ஆறு வாரங்கள் முடிந்த பின், தொடங்கியவர்களில் எத்தனை பேர் காயமின்றி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். சவால் வெற்றி பெற்றதா என்பதற்கு அந்த எண்ணே சரியான அளவுகோல்.

அவசர மருத்துவ உதவிக்கு: 108
உடல்நல ஆலோசனைக்கு: 104